உறவு கேட்காத ஆஸ்பத்திரி

அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும் என்று என் மகள் ஸ்டெல்லா சொன்னாள். எனக்கு எழுத வராது. அக்காவைப் பற்றி என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். அம்மா சீக்கிரம் போய்விட்டார். அப்பா நெஞ்சு நோயில் போன பிறகு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்தார். விவேக் நகரில் ஒற்றை அறை வீடு. கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தார். நான் பீன்யா தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் வரை அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். பெண் கேட்டு வந்தவர்களை அவரே திருப்பி அனுப்பினார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

ஸ்டெல்லாவின் ஞானஸ்நானத்துக்கு அக்காதான் ஞானத்தாய். பிள்ளைக்குத் தாய் இல்லாமல் போனால் நான் பார்த்துக்கொள்வேன் என்று கோயிலில் நின்று ஏற்பது எங்கள் முறை. ஸ்டெல்லா நடக்கத் தொடங்கும் முன்பே என் மனைவி தவறிவிட்டாள். அக்கா ஏற்றபடி இருந்தார்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி இன்சூரன்ஸில் அம்மா அப்பாவையும் சேர்க்கலாம். அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும், நான் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டருக்குப் போனேன். ஞானத்தாய் என்று அதில் அக்கா பெயர் இருக்கிறது. அது போதும் என்று நினைத்தேன்.

அங்கிருந்த பெண் பொறுமையாகப் படித்துப் பார்த்தார்.

"அண்ணா, இது சர்ச்சுக்கு சரி. இன்சூரன்ஸ்ல அத்தை வரமாட்டாங்க. பெத்த அம்மா இருக்காங்களா?"

"இல்லம்மா. எறந்துட்டாங்க."

"அப்ப நீங்க மட்டும்தான்."

தனியாகப் பாலிசி எடுக்க ஸ்டெல்லா விசாரித்தாள். நோய் வந்த பிறகு தரமாட்டோம் என்றார்கள். அன்று சாப்பிடும்போது அக்காவிடம் கேட்டாள்.

"அத்தை, உங்க பேரயே அம்மான்னு போட்டுடறேன். எவன் வந்து பாக்கப் போறான்?"

"சும்னே இரு, பேசாத. அது உங்கம்மா எடம். செத்துட்டா காலியாயிடுமா?"

"தனி ரூம் குடுப்பாங்க அத்தை. அப்பா கூடவே இருக்கலாம்."

"இவன் கொறட்டைய கேட்டா இன்னும் சீக்கிரம் போயிடுவேன்."

ஸ்டெல்லா அழுதாள். அக்கா அவள் தட்டில் ரசம் ஊற்றினார். பேச்சு அதோடு முடிந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாருக்கு என்ன உறவு என்று அங்கே கேட்கவில்லை. எங்கே வலி என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கூட்டம். ஆபரேஷன் நாள் தள்ளித் தள்ளிப் போனது. முன்னால் இருந்தவர்களும் வலியோடுதான் இருந்தார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் என்று வைத்த இடத்தில் அக்காவுக்குக் கட்டில் கிடைத்தது, காத்திருக்க வேண்டியிருந்தது. இன்சூரன்ஸ் இடத்தில் காத்திருக்க வேண்டாம், அக்காவுக்கு அங்கே கட்டில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அது பெண்கள் வார்டு. ஆண்களைச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். லீவு இருந்தவரை ஸ்டெல்லா கூட இருந்தாள். அதன் பிறகு பகலில் அக்கா தனியாக இருந்தார். நான் வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு சுவர்தான்.

ஆபரேஷன் நாள் வருவதற்குள் ஒரு காலையில் பக்கத்துக் கட்டில் அம்மா, கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியோடு என்னைத் தேடி வெளியே வந்தார்.

"தம்பி, உங்க அக்கா போயிட்டாங்கப்பா."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. கதவையே பாத்துட்டிருந்தாங்க. ஆம்பளைங்கள இப்ப விடமாட்டாங்கம்மான்னு நான்தான் சொன்னேன். அப்பறம் என் கைய புடிச்சிக்கிட்டாங்க."

டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், கல்லறை வரை கூட வந்த தெருக்காரர்கள், பாதர், எல்லோருக்கும் எங்கள் நன்றி. கை கொடுத்த அந்த அம்மாவுக்கும் சொல்ல வேண்டும். அன்று பெயர் கேட்கத் தோன்றவில்லை. காரியம் முடிந்து போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.