கால்வாய்ச் சுவரில் படகுக்காரர்கள்

அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரமே அண்ணன் அவருடைய இரும்புப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பழைய புத்தகங்கள். சிலவற்றை அப்பா லஸ் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கி எடுத்திருந்தார். மற்றவை தாத்தா விட்டுப்போனவை. தாத்தா பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகுகளைக் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தவர். அட்டை போன ஒரு புத்தகத்தில் அப்படி இழுப்பவர்களின் படங்கள் இருந்தன. அதைப் பிரிக்கும் முன் அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார். "நம்ம ஆளுங்கம்மா இவங்கோ" என்பார்.

மந்தைவெளியில் பழைய பேப்பர் கடை வாசலில் அண்ணனை மறித்துப் பெட்டியைப் பிடித்தேன்.

"வுடுடி. கரையான் துன்றதுக்கா வெச்சிகினு கீற?"

"அப்பா பொட்டிடா அது!"

"அவுரே பூட்டாரு. பொட்டி இன்னாத்துக்கு?"

நான் விடவில்லை. முழங்கையால் என் முகத்தில் இடித்தான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. கீழே விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். கடைக்காரரின் எடைக்கல் கைக்கு எட்டியது. எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெட்டி என்னோடு வந்தது.

அதை என் ஜெராக்ஸ் கடையிலேயே வைத்துக்கொண்டேன். ஒருநாள், ஓவியம் படிக்கிற பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். கால்வாய் ஓரத்து நீளச் சுவரில் அந்த இடத்தின் கதையை வரையப் போகிறார்களாம். "பழைய படம் ஏதாவது யார்கிட்டயாவது இருக்குமாக்கா?" என்று கேட்டாள். அப்பாவின் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அவளும் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள்.

சுவர் மெல்ல மெல்ல நிறைந்தது. உப்பு மூட்டை ஏற்றிய படகு. முன்னால், உடம்பு வளைந்து கயிறு இழுக்கும் ஆட்கள், ஆளுயரத்துக்கும் மேலே. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட எங்கள் பழைய பக்கத்துவீட்டு அக்காகூட பஸ் பிடித்து வந்து பார்த்தாள். "ஊட்டத்தான் இட்ச்சிட்டானுங்கோ. செவுத்துலயாவது இருந்துட்டுப் போறோம்" என்றாள்.

வேலை முடிகிற சமயம், ஒரு மத்தியான வேளையில், நானும் சுவரருகே நின்றிருந்தபோது, அந்தப் பக்கத்துக் கட்சிக்காரன் ஒருவன் ஆட்களோடு சுண்ணாம்பு வாளி எடுத்து வந்தான்.

"செவுரு எங்களுது. தலைவர் பொறந்தநாளுக்குப் புடிச்சு வெச்சது. யாரைக் கேட்டு வரைஞ்ச?"

"அனுமதி வாங்கியிருக்கோம் சார்," என்று அந்தப் பெண் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். வாளியைத் தூக்கி அவள் முகத்திலேயே ஊற்றினான்.

அந்த அலறலை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடங்களை இழுத்து வந்து அவள் கண்ணில் ஊற்றினேன். அவள் திமிறத் திமிற, இமையை விரலால் பிரித்துப் பிடித்து மேலும் ஊற்றினேன். பின்னால் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. திரும்பினால் அண்ணன். டீக்கடையிலிருந்து ஓடி வந்தவன், படம் வரையக் கட்டியிருந்த சாரத்து மூங்கில் ஒன்றை உருவிக் கட்சிக்காரனின் தாடையில் அடித்திருந்தான். விழுந்தவனை மறுபடி அடித்தான். மறுபடியும். கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

"போதும்ணா! செத்துருவான்!" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை. தெருவே சேர்ந்துதான் அவனைப் பிடித்து இழுத்தது.

போலீஸ் வரும்வரை மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தான். "நம்ம தாத்தா படத்துக்காகவாணா?" என்று கேட்டேன்.

என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "படமாவது மயிராவது. பொண்ணு கண்ணுல சுண்ணாம்பு ஊத்துறான், பாத்துகினு இருக்கச் சொல்றியா?"

அண்ணனைப் புழல் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் தெளிந்துவிட்டது, மற்றதில் புகை மாதிரிதான் தெரிகிறதாம். ஆனாலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படத்தை முடித்தாள். அன்றைக்குத் தெருப் பெண்கள் வேலைக்குப் போகாமல் அவளைச் சுற்றி நின்றோம். கட்சி ஆட்கள் யாரும் வரவில்லை.

போன வாரம் வயதான அம்மா ஒருத்தி கேஸுக்காக ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். மேல்தாளில் இருந்த பெயரைப் பார்த்ததும் என் கை நின்றது. அந்தக் கட்சிக்காரனின் தாய்.

"எம்புள்ளைய அடிச்சவன் தங்கச்சி நீதானே?" என்றாள்.

"ஆமாம்மா."

"இன்னும் கஞ்சிதான் குடிக்கிறான். வாயத் தொறக்க முடியல." மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சின்ன வயசுலேந்தே கைய நீட்டுவான். எங்கிட்டயும்தான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். தாள்கள் ஒவ்வொன்றாகச் சூடாக வெளியே வந்து விழுந்தன.