சித்தப்பா குடித்த தண்ணீர்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்று ஒன்று ஓடியதென்றால் அது ஏலக்காய்த் தோட்டத்துத் துரையுடையது. ஆனால் துரையைவிட அதில் அதிகம் ஏறியவர் என் சித்தப்பாதான். துரையிடம் மெக்கானிக் வேலை. ஓட்டிப் பார்த்தால்தானே கோளாறு தெரியும் என்று சொல்லிக்கொண்டு தேவாரம் ஊரில் எங்கள் வீட்டு வாசல்வரை ஓட்டிப் பார்ப்பார். யுத்த காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். அதனால் என்னை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னால் மட்டும், "எண்ணெய் யாரு உங்கப்பனா ஊத்துவான்?" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே, "ஏறு ஆத்தா, அத்தை வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றால் எட்டு வயதுக்காரிக்குத் தலைகால் புரியுமா? தீபாவளிப் பாவாடையை மாட்டிக்கொண்டு நின்றேன். அம்மா என் கையை ஒரு தடவை இழுத்தாள். அப்புறம் ஏனோ விட்டுவிட்டாள்.

காலையில் வந்த தந்தியைப் பற்றி என்னிடம் யாரும் மூச்சுவிடவில்லை. பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போயிருந்த மாமா, அத்தையின் புருஷன், சண்டையில் இறந்துவிட்டார். அத்தை இருந்தது கோம்பைக்கு அந்தப்புறம் மலையடிவாரத்துத் தோட்டத்தில். தபால்காரர் அங்கே ஒழுங்காகப் போகமாட்டார் என்று மாமா எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார். அந்தச் சாவுச் செய்தியை, கேதத்தை, அப்பாதான் போய்ச் சொல்லவேண்டும். அவரோ குளிர்காய்ச்சலில் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். தன் கூடப்பிறந்த அக்காளிடம் போய் அதைச் சொல்லும் வேலை சித்தப்பா தலையில் விழுந்தது. தனியாகப் போகத் தைரியம் இல்லாமல்தான் என்னை ஏற்றிக்கொண்டார்.

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. ஒரு வாரம் அடைமழை பெய்து விட்டிருந்தது. கோம்பை தாண்டியதும் வண்டிப்பாதை முழுக்கச் செம்மண் சகதி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொள்ளும். சித்தப்பா இறங்கி ஒரு குச்சியை ஒடித்து, நகக்கண்ணில் அழுக்கு எடுப்பதுபோல நோண்டி நோண்டி எடுப்பார். நூறு கெஜம் போனால் மறுபடியும் இறங்குவார். துரை வண்டி என்பதால் இத்தனை கரிசனம் என்று நினைத்தேன். ஓரிடத்தில் வண்டி வழுக்கி இரண்டு பேரும் சகதியில் விழுந்தோம். நான் பாவாடையைப் பார்த்து ஓவென்று அழுதேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க சித்தப்பா, நேரமாகுதுல்ல?"

"மெதுவாப் போவோம் ஆத்தா. இனி அவசரமாப் போயி என்ன ஆகப்போகுது" என்றார்.

அத்தை தோட்டத்துக்குத் திரும்பும் புளியமரத்தடியில் எப்போதும் ஹாரனை மூன்று தடவை அமுக்குவார். தம்பி வருகிறான் என்று அத்தைக்கு அதுதான் தாக்கல்; அத்தை வீட்டில் இருக்கும்போது நானும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அமுக்கவில்லை. அமுக்குங்க, அமுக்குங்க என்று முதுகில் குத்தினேன். அவர் வண்டியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.

படலைத் திறந்துகொண்டு அத்தை நின்றாள். மோட்டார் சத்தம் நின்று நின்று வருவதை எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ! கையில் ஒரு செம்புத் தண்ணீர். இன்ஜின் முழுசாக அடங்கக்கூட இல்லை.

"அக்கா..." என்றார் சித்தப்பா.

"தொண்டை வறண்டு வந்திருப்ப. முதல்ல தண்ணியக் குடி."

"இல்லக்கா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"குடிலே."

அத்தை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. செம்பை அவர் கையில் திணித்து, விடாமல் தானும் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பாதி கழுத்து வழியாக ஓடியது.

எங்கள் சொந்தத்துக்குள் ஒரு வழக்கம். கேதம் சொல்ல வந்தவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும், பச்சைத்தண்ணீர் பல்லில் படக்கூடாது. தண்ணீர் குடித்துவிட்டால் அவர் விருந்தாளி. விருந்தாளி வாயால் சாவைச் சொல்லக்கூடாது.

அதன்பிறகு அத்தை என் பாவாடையை அலசி அடுப்போரம் காயப்போட்டாள். கருப்பட்டி கொடுத்தாள். நான் போனால் முதல் கேள்வியாக, "மாமாகிட்டருந்து கடுதாசி வந்துச்சா?" என்பாள். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. நானும் கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு அதைக் கவனிக்கவில்லை. கிளம்பும்போது சித்தப்பாவிடம், "நாளைக்கு அண்ணனக் கூட்டிக்கிட்டு வா. வெயில் ஏறி வாங்க" என்றாள். அட, நாளைக்கும் மோட்டார் சவாரி என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்!

வீட்டில் அப்பா கம்பளிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, "சொல்லிட்டியா?" என்றார்.

"தண்ணி குடிச்சிட்டேன்ணே."

அப்பா எழுந்து வந்து சித்தப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். காய்ச்சல்காரர் கை அது, ஆனாலும் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். தண்ணீர் குடித்ததற்கு ஒருவரை அடிப்பார்களா என்று நான் மிரண்டுபோனேன்.

மறுநாள் என்னை விட்டுவிட்டு மாட்டுவண்டியில் போனார்கள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கல்யாணப் புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு அத்தை நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாளாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். "பாவி மக, ஒண்ணும் தெரியாம சிங்காரிச்சுக்கிட்டு இருந்தாளே! உங்க சித்தப்பன் முந்தின நாளே சொல்லியிருந்தா அந்தக் கோலத்துல பாத்திருப்பமா?"

சொந்தக்காரர்கள் சித்தப்பாவைச் சும்மா விடவில்லை. அக்கா தாலி அறுந்ததைச் சொல்லாமல் வாயை நனைத்துவிட்டு வந்தவன் என்றார்கள். நல்லது கெட்டதில் அவரை முன்னே நிற்க விடவில்லை. அப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லை. சித்தப்பா ஒருநாளும் வாய் திறந்து தன் பக்கம் பேசவில்லை. அத்தையும் நடந்ததைச் சொல்லவில்லை. வெள்ளைச் சேலையோடு பத்து வருஷம் இருந்து, போய்ச்சேர்ந்தாள்.

தெரிந்துகொண்டுதான் அந்த ஒரு நாளைத் தம்பியிடம் கேட்டு வாங்கினாள் என்று எனக்கு உறைத்தது, நானே தாலி கட்டிக்கொண்ட பிறகு. நாங்கள் போய் இறங்கும்போதே அத்தை கையில் செம்பு இருந்தது. அதைப் பார்த்த மூன்றாவது ஆள் நான் ஒருத்திதான். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். நானோ பாவாடைக் கறை போகவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.