இருபது ஏற்றி இருபது இறக்கிய ஆடி

ஆடித் தள்ளுபடி முடிந்த இரண்டாம் நாள் காலை. கடை திறந்த கையோடு பாய் தேன்மொழியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். பெரம்பலூரில் எங்கள் பாத்திரக் கடையில் விலை ஸ்டிக்கர் ஒட்டுவது தேன்மொழியின் வேலை. வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஆறு வருஷத்தில் ஒரு டம்ளருக்குக்கூட விலை மாற்றி ஒட்டியதில்லை.

பாய் எங்கள் முதலாளி, லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் சம்பாதித்து வந்து கடை போட்டவர். நான் மேனேஜர். பி.எஸ்சி. கணக்கு படித்தேன், வாத்தியார் வேலை கிடைக்கவில்லை, இங்கே வந்து சேர்ந்தேன். கடையில் எனக்குக் ‘கணக்கு சார்’ என்றே பெயர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“என்னம்மா இது? ரெண்டாயிரம் ரூவா குக்கரு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்குப் போயிருக்கு. நாலாயிரத்தைந்நூறு கிரைண்டரு நாலாயிரத்து முந்நூத்து இருபதுக்குப் போயிருக்கு. நீ கொறச்சு ஏத்தி ஒட்டியிருக்க.”

விஷயம் இதுதான். ஆடிக்கு முந்தின வாரம் எல்லா சரக்குக்கும் இருபது சதவீதம் ஏற்றிப் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். பிறகு வாசலில் இருபது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்தோம். ஆடித் தள்ளுபடியின் லட்சணம் வாங்குகிறவர்களுக்கும் தெரியாததல்ல. பழைய விலைக்கே விற்கும் என்பது பாயின் எண்ணம்.

“இருபதுதாங்க பாய் ஏத்துனேன்” என்றார் தேன்மொழி.

“இருபது ஏத்திட்டு இருபது இறக்குனா பழைய வெல வரணுமா இல்லியா? ஏத்துன ஸ்டிக்கரெல்லாம் சரக்கோட போயிருச்சு, இனிமே என்னத்தப் பாக்குறது? நாளையிலேர்ந்து வர வேணாம்மா.”

நானும் அந்த ரூமில்தான் இருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் பாய் என்னிடம்தான் கேட்டார். “இருபது ஏத்தி இருபது இறக்குனா அதே வெலதான சார்?” பில் போடுகிற மும்முரத்தில் தலை நிமிராமலே சொன்னேன்: “அதேதான் பாய்.” பி.எஸ்சி. படித்தவன் சொன்ன பதில் அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது என்று காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் போய்விடுமே என்ற பயம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்தால், தேன்மொழி ஸ்டிக்கர் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த ரோல்களை எண்ணிக் கவுன்டரில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

“குக்கருக்கு ஏத்துனது எக்ஸ் சதவீதம்னு வெச்சுக்குங்க பாய். இருபது போக எண்பது பங்குதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. அப்ப நூறு பங்கு ரெண்டாயிரத்து நானூறு. ரெண்டாயிரத்துக்கு நானூறு ஏத்தியிருக்கு. எக்ஸ் இருபது.”

“கிரைண்டரு?”

“அதுவும் அப்படித்தான். நூறு பங்கு அஞ்சாயிரத்து நானூறு. நாலாயிரத்தைந்நூறுக்கு தொள்ளாயிரம் ஏத்தியிருக்கு. அங்கயும் எக்ஸ் இருபது. அந்தப் பொண்ணு சரியாத்தான் ஒட்டியிருக்கு.”

“அப்ப குக்கர்ல எண்பது ரூவா எங்க போச்சு சார்?”

“ஏத்துனது ரெண்டாயிரத்து மேல இருபது சதவீதம், நானூறு. இறக்குனது ரெண்டாயிரத்து நானூறு மேல இருபது சதவீதம், நானூத்தி எண்பது.” அத்தோடு மீதியையும் சொல்லிவிட்டேன். “தப்பு என்னோடது. அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான்தான் அதேதான்னு சொன்னேன்.”

பாய் கால்குலேட்டரில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். “யா அல்லா. இதுக்கா சார் பி.எஸ்சி. படிச்சீங்க?” என்றார். பிறகு எழுந்து, அவரே வாசலுக்குப் போனார். தேன்மொழி சாப்பாட்டுப் பையோடு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

“உள்ள வாம்மா. தப்பு எங்க மேல. கோவிச்சுக்காத.”

தேன்மொழி வந்து பையை மாட்டிவிட்டு மெஷினை எடுத்தார். மத்தியானம் என்னைக் கடந்து போகும்போது கேட்டார்: “பாய் திட்டுறப்பவே உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“தெரியும்மா.”

காலையில் ஒப்படைத்த ரோல்களை மறுபடி எண்ணி எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: சதவீதம் என்றால் எதன் மேல் என்று முதலில் கேளுங்கள். ஒரே ஒரு சரக்கையாவது ஏற்றி, இறக்கி, கடைசி விலை வரைக்கும் போட்டுப் பாருங்கள். தப்பு உங்களுடையதென்றால், அடுத்தவர் திட்டு வாங்கி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்த ஆடிக்கு முன்னால், புதிதாகத் திறந்த அரியலூர் கிளையிலிருந்து பாய் போன் செய்தார். “இருபது இறக்கிப் பழைய வெல வரணும்னா எவ்வளவு ஏத்தணும் சார்?”

இந்தத் தடவை எழுதிப் பார்த்தே சொன்னேன். “இருபத்தஞ்சு பாய்.”



“சரி,” என்றார். “போனத் தேன்மொழிகிட்ட குடுங்க, அதையும் ஒரு தடவ கேட்டுக்குறேன்.”