வெண்ணெயோடு வந்த பிள்ளை

போன பொங்கல் லீவுக்கு என் மகளின் இரண்டு தாத்தாக்களையும் ஒன்றாக வீட்டுக்கு அழைத்து, பட்டதெல்லாம் போதும் என்றாகிவிட்டது. ஒருவர் முசிறியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் என் அப்பா. இன்னொருவர் திருச்சியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் விருந்தாளிக்கு இருப்பது ஒரே ஒரு கட்டில். அதை விட்டுக்கொடுப்பதில்தான் சண்டையே வந்தது. "வயசுல பெரியவங்க, நீங்க படுங்க சம்பந்தி" என்றார் அப்பா. தலைக்குச் சாயம் பூசுகிற மாமனாருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "பெரியவர் நீங்கதான்" என்றார் அவரும் விடாமல். கடைசியில் இருவரும் தரையில் படுத்தார்கள். காலையில் ஆளுக்கொரு இடுப்புவலியோடு, சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்கள்.

மாமனார் வீட்டார் கிறிஸ்தவர்கள், நாங்கள் இந்துக்கள். எங்கள் கல்யாணத்தில்கூட முகம் சுளிக்காத இரண்டு பேரும் ஒரு கட்டிலுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்தே ஆகவேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். வந்தார்கள். இந்த முறையும் முறைத்துக்கொண்டால் இனி இரண்டு தாத்தாக்களையும் ஒரே கூரையின் கீழ் அவள் பார்க்கப்போவதில்லை. எனக்கு அந்தப் பயம் இருந்துகொண்டே இருந்தது.

முதல் நாளே மாமனார் ஹாலில் பேத்திக்காகக் குடில் கட்டினார். அப்பா கொண்டுவந்த வைக்கோலைத்தான் கூரையாக வேய்ந்தார். மாடு, ஆடு, சூசையப்பர், மாதா எல்லாரும் வந்துவிட்டார்கள். நடுவில் பிள்ளையைக் கிடத்தும் தீவனத் தொட்டி மட்டும் காலி. பிறக்காத பிள்ளையை முன்னாலேயே வைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பாலன் ஏசுவின் சொரூபம் அவர் பெட்டிக்குள் கைக்குட்டையில் சுற்றி இருந்தது. என் மாமியார் உயிரோடு இருந்தபோது வாங்கியது.

இது அப்பாவுக்கு எங்கே தெரியும்? சாயங்காலம் சமையலறைக்கு வந்து குசுகுசுத்தார். "எல்லாத்தையும் வச்சுட்டு புள்ளைய மறந்துட்டாரும்மா. கேட்டா சங்கடப்படுவாரு. அதான் கோயில் பக்கம் போய் நானே ஒண்ணு வாங்கியாந்து வச்சுட்டேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டிக்குள் கையில் வெண்ணெயோடு நீலக் கிருஷ்ணன் தவழ்ந்துகொண்டிருந்தான். எடுப்பதற்குள் பின்னால் மாமனார் வந்து நின்றார். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

அவர் குனிந்து, கூரையிலிருந்து உதிர்ந்த வைக்கோலைக் கிருஷ்ணனுக்கு அடியில் செருகினார். பிறகு, "எடுக்காதம்மா. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கார். அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்று மட்டும் சொன்னார். அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது.

மறுநாள் கிறிஸ்துமஸ் காலை, பேத்தி எழுந்ததும், மாமனார் கைக்குட்டையை அவிழ்த்தார். வீட்டில் மூத்தவர்தான் பாலனைத் தொட்டியில் வைக்கவேண்டும் என்று விளக்கிவிட்டு, சொரூபத்தை அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க வைங்க சம்பந்தி."

மூத்தவர் என்ற சொல்லுக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தொட்டி ஏன் காலியாக இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துபோய்க் கிருஷ்ணனை எடுக்கக் கை நீட்டினார். மாமனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டுங்க. முதல்ல வந்த புள்ள."

அப்பா பாலனை இரண்டு கையாலும் வாங்கினார். வாழைத்தார் வெட்டும் கையின் ஒரு விரலால் கிருஷ்ணனை மெல்ல ஓரமாக நகர்த்தி, "தள்ளிக்கடா கொஞ்சம்" என்றார், பேத்தியிடம் சொல்வதுபோலவே. மாமனார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அப்பா கட்டிலில் போய்ச் சாய்ந்தார். பாயோடு வந்த மாமனார் அறை வாசலிலேயே தயங்கி நின்றார். அப்பா சுவரோரமாக ஒதுங்கி, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"அந்தப் பாய அங்கயே போட்டுட்டு வாங்க சம்பந்தி. நான் தள்ளிப் படுத்துட்டேன்."