குசினிச் சிஸ்டர்

சிஸ்டர் எமரென்சியா மீன் வெட்டிக்கொண்டே செபமாலை சொல்கிறார். குசினியின் பின்வாசல் படியில் குந்தியிருந்து கீரிமீன்களின் தலையை ஒவ்வொன்றாகக் கொய்கிறார். மணி உருட்டக் கை ஒழியாததால் மீன்தான் கணக்கு. ஒரு மீனுக்கு ஒரு மந்திரம், பத்து மீனுக்கு ஒரு தேவ இரகசியம். நடுவில் பூனை வந்துவிட்டால், "அருள் நிறைந்த மரியே... சீ, மூதேவி, போ அங்கால!" என்று விரட்டிவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்.

கல்முனைக்கு வடக்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கன்னியர் மடத்தில் நான்கு பேர். மதரும் மற்ற இரண்டு சிஸ்டர்மாரும் பக்கத்துப் பள்ளியில் படிப்பிக்கிறார்கள். நானும் அங்கேதான் கணக்கு டீச்சர். பகல் சாப்பாடு மடத்துக் குசினியில் என்பதால் எனக்கு இவரைத் தெரியும். முன் விறாந்தையோடு திரும்பிப்போகிற பெற்றோருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

விடியற்காலை அடுப்பு மூட்டுவது இவர். காலைச் செபத்தில் கதவோரமாக நிற்பதும் இவர்தான். பால் பொங்கினால் ஓட வேண்டுமே. மற்றவர்கள் மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். இவர் பரிமாறி முடித்து, அடுப்படிப் பலகையில், சட்டியில் மிஞ்சிய குழம்போடு சாப்பிடுவார். அப்படி ஒரு சட்டம் இப்போது இல்லையாம். பழைய வழக்கம் மட்டும் போகவில்லை.

மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்தவரின் மகள். பதினெட்டு வயதில் மடத்துக்கு வந்தது படிப்பிக்கும் ஆசையில். வந்த மறுநாளே கையில் அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆண்டவர் என்னக் கூப்பிட்டது உண்மை மனே," என்பார் என்னிடம். "குசினிக்குப் போ எண்டு சொன்னது அவரில்ல. அது மதர்மார்."

எழுபத்தெட்டுச் சூறாவளி மடத்தின் கூரையைக் கொண்டுபோனது. அடுத்த வருடம் நிவாரணச் சாமான்களோடு மூன்று தையல் மெசின்கள் வந்தன. படித்த சிஸ்டர்மாருக்குத் தைக்கத் தெரியாது. இவருக்குத் தெரியும். பக்கத்து முஸ்லிம் ஊரிலிருந்து ஆறு பெண் பிள்ளைகள் வந்தார்கள். ஆண்கள் நுழையாத இடம் என்பதால் வீட்டார் தடை சொல்லவில்லை. தறிச் சத்தத்துக்குள் பிறந்த பிள்ளைகள். நூலை அவர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பகல் இரண்டு மணிக்குக் குசினியைக் கழுவி, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிஸ்டர் பக்க விறாந்தைக்குப் போவார். அந்த நடையே வேறு. பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்டதும், "பாங்கு சொல்லியாச்சு, மெசின நிப்பாட்டுங்க. உம்மாமார் தேடப் போறாங்க," என்று அவரே எழுப்பி அனுப்புவார். அவருடைய ஐம்பது வயதுக்கு அப்போதுதான் யாரோ அவரை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டவள் ஹாஜறா. கழுத்து வெட்டுவதில் அவளைப்போல ஒருத்தி வரவில்லை என்பார். ஆறு வருடத்தில் மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். ஹாஜறா போகவில்லை, புதுப் பிள்ளைகளுக்கு அவளே பழக்கினாள்.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் தீ மூண்டது. யார் முதலில் தொடங்கியது என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பதில் இருந்தது. செத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். பிள்ளைகள் வருவது நின்றது. அந்த மாதம்தான் ஹாஜறாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவளுடைய கல்யாணச் சட்டை, ஒரு கை பொருத்தாமல் மெசினிலேயே கிடந்தது.

சிஸ்டர் அதைத் தைத்து முடித்தார். பாதை திறந்த மூன்றாம் நாள், யாரிடமும் சொல்லாமல், சட்டையைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஹாஜறாவின் ஊருக்கு நடந்தே போனார். சந்தியில் இரண்டு பக்கத்துப் பையன்களும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

வீட்டுப் படலை வாசலில், ஹாஜறா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஜவுபர் நின்றான். அவனுடைய துணிக்கடை எரிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டான்.

"நீங்க நல்ல மனிசி, சிஸ்டர். ஆனா இனி இஞ்ச வராதீங்க. உங்கட ஆக்கள் செஞ்ச வேலைக்குப் பொறகு, எங்கட ஆக்களுக்கு நான் என்ன பதில் சொல்ற?"

"என்ட ஆக்கள் ஆரு மகன்?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

உள்ளே திரைச்சீலைக்குக் கீழே ஹாஜறாவின் பாதங்கள் தெரிந்தன. அவை அசையவில்லை.

திரும்பி வந்தபோது மதர் முன்வாசலில் நின்றார்.

"ஆரக் கேட்டுப் போனீங்க? எங்கட இயக்கப் பொடியன்மார் வந்து விசாரிச்சா நான் என்ன சொல்ற?"

அன்று இராச்சாப்பாட்டு மேசைக்கு முன்னால் சிஸ்டர் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார். அதுவும் ஒரு பழைய வழக்கம். அடுத்த கிழமை மூன்று மெசின்களும் லொறியில் ஏறிப் பட்டணத்துப் பெரிய மடத்துக்குப் போயின. பாதுகாப்புக்கு என்றார்கள். பக்க விறாந்தையில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது.

"ஏன் சிஸ்டர் போனீங்க?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"தைச்ச சட்டைய வெச்சிட்டு என்னெண்டு மீன் வெட்டுற?" கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே சொன்னார். "முழங்காலில நிண்டது நான்தான். மன்னிப்புக் கேட்டது வாய். நான் ஒண்டும் கேக்கல்ல."

போன மாதம் அவருக்கு மூக்குக்கண்ணாடி எடுக்க இருவரும் கல்முனைக்குப் பஸ்ஸில் போனோம். இடையில் ஹாஜறா ஏறினாள், ஒரு வயதுப் பெண் குழந்தை தோளில். சிஸ்டரைக் கண்டாள். கண்டதும் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு, எங்களுக்கு முன் சீற்றில் முதுகு காட்டி இருந்துகொண்டாள். பஸ்ஸில் இரண்டு ஊர் ஆட்களும் இருந்தார்கள்.

குழந்தை அவள் தோளுக்கு மேலால் எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. குழந்தையின் சட்டைக் கழுத்தையே பார்த்தார். நல்ல வெட்டு. ஓரத்தில் மட்டும் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. சிஸ்டரின் கை எழும்பியது. மீன் மணக்கும் அந்த விரல்கள் நூலைப் பிடித்து, நகத்தால் நறுக்கி எடுத்தன.

ஹாஜறாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்முனை வரும்வரை சிஸ்டர் எமரென்சியா அந்த நூல் துண்டை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.