சுத்திப் போடச் சொன்னவுகளுக்கு நடுவுல

மக்களே, இன்னைக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட "ஏடிஹெச்டியா இருக்கலாம்"னு சொல்லிட்டேன்! அதான், கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறு.

நம்ம திராட்சை விவசாயிகள் குரூப்புல சுருளிப்பட்டிக்காரர் ஒருத்தர் வீடியோ போட்டிருந்தாரு. பாதிப் பந்தலுக்குத்தான் கவாத்து வெட்டியிருக்கு. கத்திரியை அங்கனயே வச்சிட்டு மோட்டார் போடப் போயி, அங்கருந்து மருந்து கலக்கப் போயி, ஒரு வேலையும் முடியல. "சின்னதுல இருந்தே இப்படித்தான், ஏன்னே தெரியல"ன்னாரு.

கீழ கமெண்ட்டைப் பாக்கணுமே!

"சோம்பேறித்தனம்."
"கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்க."
"குலதெய்வத்துக்குப் பொங்கல் வைங்க."

இத்தனை பேரு கூசாம வைத்தியம் சொல்றாக. நான் மட்டும் டைப் பண்றதும் அழிக்கிறதுமா இருந்தேன். சொல்றதுக்கு நான் என்ன டாக்டரா?

கடைசியில இன்பாக்ஸ்ல போயி என் கதையைச் சொன்னேன். "எனக்கும் இதேதாண்ணே. போன வருசம்தான் ஏடிஹெச்டின்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒருக்கா காட்டிப் பாருங்க."

உடனே பதில்! "ஆத்தாடி, இதுக்குப் பேரெல்லாம் இருக்கா? கண்ணு கலங்கிருச்சு தங்கச்சி. எந்த டாக்டரைப் பாக்கணும்னு மட்டும்"

அம்புட்டுதான். பாதியில நிக்குது. ஒரு மணி நேரமாச்சு.

அண்ணன் மோட்டாரை அணைக்கப் போயிருப்பாருன்னு நெனைக்கிறேன்.

நான் சொன்னது சரியா, தப்பா? நீங்களாவது கமெண்ட்டை முழுசா முடிச்சுட்டுப் போங்க.