கம்பளிப்பூச்சிக்கு அடியில்

வூஸ்டரில், செவர்ன் ஆற்றங்கரைப் பீங்கான் தொழிற்சாலையின் ஓவிய அறையில் டார்கஸ் யார்னல்டுக்கு இடம் கிடைத்தது லேசான காரியமல்ல. அந்த ஊர்ப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையுறை தைப்பார்கள். அவளும் தைத்தவள்தான். கணவன் படகோடு ஆற்றில் மூழ்கிப் போன பிறகு, ஊசி பிடித்த விரல் தூரிகையும் பிடிக்கும் என்று மேஸ்திரி கிட்டின்ஸிடம் வாதாடி உள்ளே வந்தாள். அந்த இடம் போனால் மறுபடியும் கையுறைதான், அரை வயிறுதான்.

சூளையிலிருந்து வெள்ளையாக வரும் பாத்திரத்தில் எங்காவது ஒரு கரும்புள்ளி இருக்கும். அதன்மேல் ஒரு பொறிவண்டோ இலையோ வரைந்துவிடுவார்கள். அதில் யாருக்கும் கூச்சமில்லை. வெந்நீர் பட்டால் வெடித்துவிடும் என்பதால் விரிசலை மட்டும் மறைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பாத்திரம் கணீரென்னும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும்.

ஒரு தேநீர்க் கெண்டியின் மூக்குக்கடியில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. டார்கஸ் உள்ளே விரலை விட்டுப் பிடித்தபடியே தட்டினாள். ஓசை மந்தமாக வந்தது. விரல்தான் ஓசையை அமுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு, கோட்டின்மேல் ஒரு பச்சைக் கம்பளிப்பூச்சியை நெளியவிட்டாள். கெண்டி, வண்ணத்தைச் சுட்டுப் பதிக்கும் நிறச்சூளைக்குப் போயிற்று.

இரண்டொரு நாள் கழித்து அதே மாதிரி இன்னொரு கெண்டியை அதேபோல விரல் விட்டுத் தட்டினாள். அது மணி போல ஒலித்தது. அப்படியானால் அன்று ஓசையை அமுக்கியது விரல் அல்ல.

"அந்தக் கம்பளிப்பூச்சிக் கெண்டி எங்க?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டாள்.

"காலையிலயே கடைக்குப் போயிடுச்சே. ஏன், பூச்சிக்குத் தீனி வைக்க மறந்துட்டியா?"

கடை என்றால் வாசற்பக்கத்து விற்பனைக்கூடம். அங்கே குமாஸ்தா டாலி வாடிக்கையாளர் முன்னால் கொதிக்கும் நீரைக் கெண்டியில் ஊற்றிக் காட்டுவான். எங்கள் சரக்கு வெடிக்காது என்பதுதான் அவன் பேச்சு. டார்கஸ் வேலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

உள்ளே ஆல்சாப் சீமாட்டி உட்கார்ந்திருந்தாள். மடிக்கு நேரே, மேசையில், அதே கெண்டி. டாலியின் கையில் ஆவி பறக்கும் கெட்டில்.

"ஐயா, அதக் குடுங்க. பூச்சிக்கு ஒரு கால் விட்டுப்போச்சு."

"ஏம்மா, அது நொண்டியா இருந்தா டீ இறங்காதா? போய் வேலையப் பாரு."

"எனக்கு இந்தப் பூச்சிதான் பிடிச்சிருக்கு, ஊத்துங்க" என்றாள் சீமாட்டி.

கெட்டில் சாய்ந்தது. டார்கஸ் கெண்டியின் வாயைக் கையால் பொத்தினாள். வெந்நீர் புறங்கையில் விழுந்தது. "வேணாம்மா! பூச்சிக்கு அடியில விரிசல் இருக்கு. நாந்தான் தெரியாம மறைச்சுட்டேன்."

டாலி கெண்டியைக் கவிழ்த்துத் தட்டினான். மரத்தைத் தட்டியது போல இருந்தது. அவன் முகம் சுண்டியது. சீமாட்டிக்கோ கோபம் வரவில்லை. எழுந்து அலமாரிப் பக்கம் போனாள்.

"இந்த வண்ணத்துப்பூச்சிக்கு அடியில என்ன இருக்கு?"

அவள் அடுத்த தட்டைத் தொட்டாள்.

"இந்த வண்டுக்கு அடியில?"

அவள் ஒவ்வொரு தட்டாகக் கேட்டுக்கொண்டே போனாள். கடையில் இருந்த மற்றவர்களும் கையிலிருந்த கோப்பைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மாலையில் கிட்டின்ஸ் வந்தார். டார்கஸ் கந்தல் சுற்றிய கையோடு எழுந்து நின்றாள்.

"விரிசல் தெரியாம நடந்தது, போகட்டும். ஊரறிய வாயத் திறந்தியே! அந்தம்மா இப்ப ஒரு செட்டு முழுசும் பூச்சி இல்லாம, இலை இல்லாம வேணும்னு கேக்கறாங்க. புள்ளி இல்லாத வெள்ளைக்கு நான் எங்க போவேன்? நீதான் பொறுக்கி எடுக்கணும், நீதான் வெறும் ஓரக்கோடு வரையணும். ஒண்ணு திரும்பி வந்தாலும் உன் இடம் உனக்கில்ல."

அவள் தலையாட்டினாள். வெள்ளைக் கோப்பைகள் குவிந்திருந்த கூடையை ஜன்னலுக்கு இழுத்து, முதலாவதை வெளிச்சத்தில் பிடித்தாள். கைப்பிடி ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.